கை மாறிய கண்ணாடி

1769-ம் வருஷம் ஜூன் மாதம் 4-ந் தேதி விடியற்காலை இரண்டு மணிக்குப் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் விழித்துக் கொண்டார். கடற்கரைப் பக்கம் மணல் திட்டில் அலை மோதி முனகும் சத்தம் கேட்டது. எழுந்து வந்து வானத்தைப் பார்த்தார். ஒரு நட்சத்திரம் கூட இல்லை. எங்கும் மேகம்.

மே மாதம் முழுவதும் காலை வேளைகளில் வானம் பளிங்கு மாதிரி இருந்திருக்கிறது. முதல் நாள் மாலை வரையில் கூட அப்படித்தான். அவர் காத்திருந்ததோ அந்த ஒரு காலைக்காக மட்டும். சூரியனுடைய முகத்தின் குறுக்கே சுக்கிரன் ஒரு கறுப்புப் பொட்டாக நகர்ந்து போகும் அபூர்வக் காட்சி அன்று உதயத்தில் தெரிய வேண்டும். ஏழு மணி சுமாருக்கு அது முடிந்துவிடும். அதற்கப்புறம் சுமார் நூறு வருஷத்துக்குக் கிடையாது. பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட அதுதான் வழி என்று எட்மண்ட் ஹாலி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஐரோப்பாவே உலகத்தின் மூலை முடுக்குக்கெல்லாம் ஆள் அனுப்பிக் காத்துக் கொண்டிருந்தது.

அந்தப் பிரெஞ்சுக்காரரின் பெயர் லெ ஜென்டில். (சரியான உச்சரிப்பைப் புதுச்சேரி நண்பர்களிடம் விட்டுவிடுகிறேன், நமக்கு நாக்கு அவ்வளவு வளையாது.) ஏழு மணி வரையில் மேகம் விலகவில்லை. சுக்கிரன் வந்த சுவடு தெரியாமல் கடந்து போயிற்று. அது போன சற்று நேரத்துக்கெல்லாம் சூரியன் வெளியே வந்து, அன்றைப் பொழுது பூராவும் சுடர்விட்டுப் பிரகாசித்தது.

இந்தச் சோகக் கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நாடகமாகக் கூட எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. அன்று காலை லெ ஜென்டிலின் கையருகே தயாராக நின்ற தூரதிருஷ்டிக் கண்ணாடிகளில் ஒன்று அவருடையதல்ல, இரவல் வாங்கியது. மூன்றடி நீளம். அந்தக் காலத்துக்குப் புத்தம் புதிய அக்ரோமாடிக் ரகம். இரவல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள்!

எட்டு வருஷத்துக்கு முன்னால், 1761 ஜனவரியில், இதே ஆங்கிலேயர்கள்தான் பாண்டிச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். அதனால்தான் லெ ஜென்டில் முதல் சுக்கிர கடப்பைக் கோட்டை விட்டார். 1760 மார்ச்சில் பிரான்ஸை விட்டுப் புறப்பட்டவர், மாஹே பக்கம் வந்து சேர்ந்ததும் ஊர் போய்விட்டது என்ற செய்தி கிடைத்தது; கப்பல் திரும்பி விட்டது; 1761 ஜூன் 6-ந் தேதி நடுக்கடலில், ஆடுகிற மேல்தளத்தில் நின்று பார்த்தார். கப்பல் ஆட்டத்தில் கடிகாரமும் கணக்கும் எடுபடுமா? அடுத்த கடப்புக்கு எட்டு வருஷம் என்று அங்கேயே தங்கிவிட்டார். சமாதானம் ஆகி, ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்து, 1768 மார்ச்சில் இவர் பாண்டிச்சேரிக்கு வந்தார். கோட்டை இடிபாட்டின் மேல் அவருக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடம் கட்டிக் கொடுத்தார்கள். அதன் கீழ் அறையில் வெடிமருந்து அடுக்கி வைத்திருந்தது. மேலே வானத்தைப் பார்க்கும் மனிதர்; காலடியில் வெடிமருந்து. அந்த மேட்டுக்கு, இடித்தவர்களே ஒரு நல்ல கண்ணாடியை இரவலாக அனுப்பி வைக்கிறார்கள். இதை ஒரு நாவலில் எழுதினால் செயற்கை என்று கடிதம் போடுவீர்கள்.

இரவல் கண்ணாடி என்றதும் வேறொன்றும் சொல்லத் தோன்றுகிறது. லெ ஜென்டில் பாண்டிச்சேரியில் சும்மா இருக்கவில்லை. நம் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றுக் கொள்ள முயன்றார். 1765 ஆகஸ்டு 30-ந் தேதி நடந்து முடிந்திருந்த ஒரு சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொல்லி ஒரு தமிழரைக் கேட்டார். அந்தத் தமிழர் காகிதமும் எடுக்கவில்லை, பேனாவும் எடுக்கவில்லை. சோழிகளைத் தரையில் பரப்பி நகர்த்தி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைச் சொல்லிக் கொண்டே முக்கால் மணி நேரத்தில் விடை சொல்லிவிட்டார். கிரகணம் நீடித்த நேரத்தில் அவர் கணக்குக்கும் உண்மைக்கும் 41 விநாடிதான் வித்தியாசம். ஐரோப்பாவில் அப்போது தலைசிறந்ததாக இருந்த மேயருடைய அட்டவணைப்படி போட்ட கணக்கு 68 விநாடி பிசகியது. கண்ணாடியே இல்லாமல் இத்தனை நெருக்கம்! அந்த மனிதருடைய வம்சம் இப்போது எங்கள் பக்கத்தில்தான் எங்கேயாவது ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக் கொண்டிருக்கும்.

எங்கள் பக்கம் என்றேனே, அது கண்டமங்கலம். புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் போகிற சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வில்லியனூர், அரியூர் புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. கொஞ்ச தூரம் போனால் திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடி புதுச்சேரி. வளவனூர் மறுபடி தமிழ்நாடு. அரை மணிப் பயணத்துக்குள் இத்தனை எல்லை. 1954 நவம்பர் வரையில் இவை இரண்டு தேசங்கள். நடுவே சுங்கச் சாவடி. எங்கள் தாத்தா காலத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கி வந்தாலும் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். இந்தச் சாலையில் சாமான்களும் அவற்றின் விலையும் எல்லை மாறி மாறித்தான் பழக்கம்.

இத்தனை பீடிகை எதற்கென்றால், என் தங்கை மகனுக்கு ஒரு லென்ஸ் வேண்டியிருந்தது.

பையன் பாலிடெக்னிக் படித்துவிட்டுத் திருபுவனைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஊசுட்டேரிக் கரையில் இருப்பான். ஏரியில் பாதி புதுச்சேரிக்கு, பாதி விழுப்புரம் மாவட்டத்துக்கு. பறவைகளுக்கு அந்தக் கவலை இல்லை. நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா என்று அவன் அடுக்குவதைக் கேட்டால் நான் எழுதின கதாபாத்திரங்களை விட அதிகம் உயிரோடு இருக்கும். பழைய காமிரா ஒன்று வாங்கியிருந்தான். அதோடு வந்த சின்ன லென்ஸில் கூழைக்கடாவைப் படமெடுத்தால் தண்ணீரில் ஒரு பருக்கைச் சோறு மிதக்கிற மாதிரி இருந்தது.

"மாமா, 250 வரைக்கும் போற ஜூம் லென்ஸ் ஒண்ணு இருந்தா போதும். புதுசு நமக்குக் கட்டுப்படி ஆகாது. பழசு பார்க்கலாம். நீங்க கூட வந்தா அம்மா பணம் கொடுப்பாங்க" என்றான்.

பணம் என்பது எட்டாயிரம் ரூபாய். தங்கை சீட்டுப் பிடித்து எடுத்த பணம். வீட்டு முகப்பில் ஓடு மாற்றுவதற்கென்று வைத்திருந்தாள். "குருவியைப் படம் பிடிக்கிறதுக்கு எட்டாயிரமா, அண்ணே? அது மழைக்கு ஒழுகாதா?" என்று என்னைத்தான் கேட்டாள். ஓடு ஒழுகுமா, குருவி ஒழுகுமா என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் கேள்வி நியாயமான கேள்வி. ஒரு கண்ணாடித் துண்டுக்கு அவ்வளவு விலையா? அதுவும் இன்னொருத்தன் கழித்துப் போட்டதற்கு?

நான் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தது அப்போதுதான்.

கண்ணாடி ஏன் விலை என்பதற்கு லண்டனில் ஒரு வக்கீல் பதில் வைத்திருந்தார். செஸ்டர் மூர் ஹால் என்று பெயர். ஒற்றைக் கண்ணாடி வழியாகத் தூரத்துப் பொருளைப் பார்த்தால் ஓரத்தில் வானவில் நிறம் கசியும். இரண்டு வேறு ரகக் கண்ணாடிகளைச் சேர்த்து வைத்தால் ஒன்றின் கசிவை மற்றொன்று திருத்திவிடும் என்று 1730-களில் அவர் கண்டுபிடித்தார். ரகசியம் வெளியே போய்விடக் கூடாதே! ஒரு வில்லையை ஒரு கடையில் கடையக் கொடுத்தார். மற்றதை வேறு கடையில் கொடுத்தார். இரண்டு கடைக்காரர்களுக்கும் வேலை அதிகம்; இரண்டு பேரும் வெளியே ஒரே தொழிலாளியிடம் தள்ளிவிட்டார்கள். அந்தத் தொழிலாளி ஜார்ஜ் பாஸ் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின. ரகசியம் போயிற்று! பிற்பாடு பட்டு நெசவுத் தொழிலிலிருந்து வந்த ஜான் டாலண்ட் 1758-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பாண்டிச்சேரிக்கு இரவல் வந்ததும் அந்த அக்ரோமாடிக் ஜாதிதான்.

தூரத்தைக் கிட்டே கொண்டு வரும் காமிரா லென்ஸ் அதிலிருந்து இன்னும் ஒரு படி. நீளமான குழாய் வேண்டிய இடத்தில் முன்னால் குவி கண்ணாடியும் பின்னால் குழி கண்ணாடியும் வைத்துக் குழாயைக் குட்டையாக்கினார்கள். 1891-ல் லண்டனில் டால்மேயர், ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல், மீத்தே என்று மூன்று பேர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் செய்தார்கள். டெலிபோட்டோ என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். நீளமாக இருக்கிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை வைப்பது பழகிப் போன தவறு.

ஜூம் சினிமாக்காரர்கள் கொண்டு வந்தது. வெவ்வேறு தூரத்துக்கு வெவ்வேறு லென்ஸ் மாற்றிக் கொண்டிருக்காமல், உள்ளே கண்ணாடிகளை நகர்த்தியே கிட்டவும் எட்டவும் பார்க்கலாம் என்ற ஆசை. 1932-ல் இங்கிலாந்தில் டெய்லர் ஹாப்ஸன் கம்பெனி சினிமாவுக்கு ஒன்று செய்தது. சாதாரண காமிராவுக்கு வந்தது 1959-ல். பிராங்க் பாக் என்பவர் திட்டமிட, ஃபாய்க்ட்லாண்டர் பெயரில் வந்த 'ஜூமார்', 36 முதல் 82 வரை. அதே வருஷம் ஜப்பானில் நிக்கான் 85 முதல் 250 வரை ஒன்றை அறிவித்தது. எடை சுமார் இரண்டு கிலோ! தராசில் வைத்துக் கத்திரிக்காய் நிறுத்திருக்கலாம். ஆரம்ப நாட்களில் ஜூம் என்றாலே தேர்ந்த போட்டோக்காரர்கள் முகம் சுளித்தார்கள். படம் மங்கல், ஓரம் வளைசல் என்று. அந்தச் சுளிப்பை மாற்றியதில் 1970-களில் விவிடார் வெளியிட்ட 'சீரீஸ் ஒன்' 70 - 210 லென்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. விவிடாருக்குச் சொந்தமாகத் தொழிற்சாலை கிடையாது. ஜப்பானில் வெவ்வேறு பட்டறைகளில் செய்து வாங்கியது. வரிசை எண் 22 என்று ஆரம்பித்தால் கினோ, 37 என்றால் டோக்கினா, 28 என்றால் கோமினே. பழைய சரக்கு வாங்குகிறவர்கள் இந்த எண்ணை ஜாதகம் மாதிரி பார்க்கிறார்கள். ஒரே பெயர், மூன்று பிறப்பு.

பழைய லென்ஸ் எப்படி மலிவாகிறது என்பது அதைவிட ருசியான சமாசாரம். கண்ணாடி கெட்டுப் போவதால் அல்ல; பெரும்பாலும் மூக்கு மாறுவதால்தான். 1987-ல் கேனன் கம்பெனி காமிராவில் லென்ஸ் பொருத்தும் வாயையே மாற்றியது. அதுவரை விற்ற லட்சக்கணக்கான நல்ல லென்ஸ்கள் ஒரே நாளில் புதுக் காமிராவுக்குச் சேராதவை ஆகிவிட்டன. மினோல்ட்டா 1985-ல் கொண்டு வந்த 70 - 210 லென்ஸுக்கு அதன் உருவத்தைப் பார்த்து 'பீர் டப்பா' என்று உலகமே செல்லப் பெயர் வைத்தது. அந்தக் கம்பெனி 2006-ல் காமிராத் தொழிலையே சோனியிடம் ஒப்படைத்துவிட்டு விலகியது. டப்பா மட்டும் இன்னும் கை மாறிக் கொண்டிருக்கிறது. கம்பெனி போகும், கண்ணாடி இருக்கும்.

கழித்துப் போட்டது என்று தங்கை சொன்னாளே, அதற்கு நான் கோடைக்கானலைக் காட்டினேன்.

சென்னையில் 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கும்பினி உத்தியோகஸ்தர் எழும்பூரில் தம் சொந்த வீட்டில் வைத்திருந்த கருவிகளைக் கொண்டுதான் அரசாங்கத்தின் வானாய்வுக் கூடமே பிறந்தது. அவர் கொடுத்த பழைய கருவிகள்! 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்க வைத்த பெரிய கருங்கல் தூண் இன்னும் அந்த வளாகத்தில் நிற்கிறது. பிற்பாடு 1850-ல் பாரிஸில் லெரெபூர் - செக்ரெத்தான் செய்த 6 அங்குலத் தூரதிருஷ்டி சென்னைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கழிந்து, சென்னையில் வேலை முடிந்து, 1899-ல் கோடைக்கானலில் சூரிய ஆராய்ச்சிக் கூடம் ஏற்பட்டபோது அதைத் தூக்கி எறிந்துவிட்டார்களா? இல்லை. 1898-ல் கிரப் கம்பெனியாரைக் கொண்டு மராமத்துச் செய்து, சூரியனைப் படம் பிடிக்கும் காமிராவாக மாற்றிவிட்டார்கள். வேறொரு கருவியின் கதை இன்னும் வேடிக்கை. பாவ்நகர் மகாராஜா பணத்தில் பூனாவில் இருந்த 20 அங்குல டெலஸ்கோப், அந்தக் கூடம் மூடியதும் 1912-ல் கோடைக்கானலுக்கு வந்தது. வந்து, நிறுத்தப்படாமலே கிடந்தது. 1951-ல்தான் அதை எடுத்து நிறுத்தினார்கள். நாற்பது வருஷ அஞ்ஞாத வாசம்!

இதையெல்லாம் விட எனக்கு மனசில் நிற்பது ஜெஸ்ஸூர் குமாஸ்தா ஒருவரின் கதை. ராதா கோவிந்த சந்திரர். வங்காளத்தில், இன்று பங்களாதேஷில் இருக்கும் ஜெஸ்ஸூரில், அரசாங்கக் கஜானாவில் வேலை. 1910-ல் ஹாலி வால்நட்சத்திரத்தைப் பார்த்த மயக்கத்தில், 1912-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு 3 அங்குல டெலஸ்கோப் தருவித்தார். குமாஸ்தாச் சம்பளத்தில் அது என்ன காரியம் என்று வீட்டில் கேட்டிருக்க மாட்டார்களா? என் தங்கை மாதிரி ஒருத்தி அங்கேயும் இருந்திருப்பாள். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை இரவு இரவாகப் பார்த்து அமெரிக்காவுக்கு எழுதி அனுப்பினார். அங்கே இருந்த மாறும் நட்சத்திர நோக்காளர் சங்கம் அவர் வேலையைப் பார்த்து வியந்து, 1926-ல் ஒரு 6 அங்குல டெலஸ்கோப்பை இரவலாக அனுப்பி வைத்தது. அது சார்லஸ் எல்மர் என்ற அமெரிக்கருடையதாக இருந்தது. அவர்தான் பிற்பாடு பெர்க்கின் - எல்மர் என்ற பெரிய கண்ணாடிக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த இரவல் கண்ணாடியோடு சந்திரர் தேசப் பிரிவினையைக் கடந்து வந்தார். மொத்தம் 37 ஆயிரத்துக்கும் மேல் நட்சத்திரக் கணிப்புகள் அவர் கையால் எழுதப்பட்டவை. கண் தளர்ந்ததும் 1954-ல் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க நினைத்தார். அமெரிக்கச் சங்கம் அதை வேணு பாப்பு என்ற இளைஞரிடம் கொடுக்கும்படி சொல்லிவிட்டது. பாப்பு பிற்காலத்தில் ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வுக் கூடம் அமைத்தபோது அந்தக் கண்ணாடியும் அங்கே வந்து சேர்ந்தது. அமெரிக்கா, ஜெஸ்ஸூர், கடைசியில் நம் திருப்பத்தூர்ப் பக்கத்து மலை!

வானத்தை விட்டுக் காட்டுக்கு வருவோம். பையனுக்கு நான் சொன்னதில் அவன் கண் விரிந்தது மா. கிருஷ்ணனைப் பற்றிக் கேட்டபோதுதான். வாசகர்களில் பலருக்கு அவர் தந்தையார் அ. மாதவையாவைத் தெரிந்திருக்கும், 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர். மகன் கிருஷ்ணன் 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தார். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் மறையும் வரையில் இயற்கை பற்றி எழுதிக் கொண்டே இருந்தார். தமிழிலும் எழுதினார். யானையையும் மானையும் கறுப்பு வெள்ளையில் அவர் பிடித்த படங்களைப் பார்த்தால் நிறம் எதற்கு என்று தோன்றும். அத்தனையும் எந்தக் காமிராவில்? கடையில் கிடைக்காத காமிராவில். ஒரு கம்பெனி உடல், வேறு கம்பெனி லென்ஸ், மற்ற உறுப்பெல்லாம் தாமே இட்டுக் கட்டியவை. பூதாகாரமான அந்தச் சேர்மானத்துக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று அவரே பெயர் சூட்டியிருந்தார். மகா கனம் பொருந்திய என்று மொழிபெயர்க்கலாம். வெளிநாட்டுக் காமிரா, லென்ஸ் என்றால் இறக்குமதி லைசென்ஸும் சுங்க வரியும் குறுக்கே நின்ற காலம் அது. ஓட்டுப் போட்டு வேலை செய்வது பலருக்கு விதி. கிருஷ்ணன் அதை ஒரு செருக்காகவே மாற்றிக் கொண்டார். 1970-ல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. காமிராவுக்கும் சேர்த்து என்று வைத்துக் கொள்ளலாம்.

கடைசியில் கடைக்குப் போனோம். ஊரையும் கடையையும் சொல்லாமல் விடுகிறேன். அலமாரியில் இரண்டு லென்ஸ் இருந்தன, இரண்டும் 55 முதல் 250 வரை. ஒன்று புதுசு மாதிரி பளபளவென்று, அட்டைப் பெட்டியோடு. விலை ஏழாயிரத்து ஐந்நூறு. மற்றொன்று உடம்பெல்லாம் கீறல். ரப்பர் வளையம் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. ஆறாயிரம். கடைக்காரர் முதலாவதை என்னிடம் நீட்டினார், வயசுக்கு மரியாதை செய்கிறவர் போல.

பையன் பையிலிருந்து ஒரு சிறு டார்ச்சை எடுத்தான். லென்ஸின் பின்பக்கமிருந்து வெளிச்சத்தை அடித்து, முன்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "மாமா, இங்கே பாருங்க" என்றான். உள்ளே, கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி வலை மாதிரி மெல்லிய கிளை கிளையாக ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சணம்! நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பெட்டிக்குள்ளே வருஷக்கணக்கில் அடைத்து வைத்த லென்ஸுக்கு வருகிற வியாதி. பட்டாணி பட்டாணியாகத் தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. பூஞ்சணம் அப்படியல்ல, கண்ணாடி மேல் பூசிய மெல்லிய பூச்சைத் தின்று, கண்ணாடியையே அரித்துவிடும். துடைத்தாலும் வடு நிற்கும். பெட்டி, பளபளப்பு எல்லாம் அதற்குத் தெரியாது. உபயோகிக்காமல் பத்திரமாக வைத்திருந்ததுதான் அதற்கு வினையாகிவிட்டது.

"இது சும்மா லேசா இருக்கு தம்பி, படத்துல வராது" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும் சார். அந்த இன்னொண்ணு காட்டுங்க."

கீறல் விழுந்ததை வாங்கினான். டார்ச் அடித்தான், உள்ளே இரண்டொரு தூசியைத் தவிர வேறில்லை. காதருகே வைத்து ஆட்டினான். கடகடவென்ற சத்தம் இல்லை. லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தான். குழாய் தானாக நழுவி நீளவில்லை. திருகாணித் தலைகளில் கீறல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். இருந்தால் யாரோ பிரித்து மேய்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். அப்புறம் காமிராவில் மாட்டி, எதிர்க் கடையின் செங்கல் சுவரைக் குறி வைத்தான். 250-ல் நிறுத்தி, துவாரத்தை முழுவதும் திறந்து நாலு படம். காமிராவின் பின் திரையில் பெரிதாக்கி நாலு மூலையையும் ஒப்பிட்டான். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே ஒரு வில்லை சாய்ந்திருக்கிறது, அதாவது எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. நாலு மூலையும் ஒரே மாதிரி இருந்தன. கிட்டவும் தூரமுமாக மாறி மாறிக் குறி வைத்து, தானாகப் பதிகிறதா என்று பார்த்தான். கை நடுக்கத்தைத் தணிக்கும் விசையைப் போட்டதும் உள்ளே வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம். "உயிரோடுதான் இருக்கு" என்றான்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. சோழிக் கணக்குக்காரருக்கு ஆன நேரம்தான். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கோ இந்தப் பையனை இவ்வளவு நிதானமாக நான் பார்த்ததே இல்லையே என்றிருந்தது. ஐயாயிரத்து எழுநூறுக்கு முடிந்தது. பழைய சொந்தக்காரர் யாரோ குழாயின் அடிப்பக்கத்தில் கூரிய முனையால் இரண்டு எழுத்துச் செதுக்கியிருந்தார். அதைத் தேய்த்து அழித்துத் தருகிறேன் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வீட்டில் ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களோடு லென்ஸ் இப்போது குடியிருக்கிறது. மாதம் ஒரு தரம் வெயிலில் அரை மணி நேரம் காட்டுகிறான். மீதி இரண்டாயிரத்து முந்நூறு ரூபாயைத் தங்கை கையில் கொடுத்தபோது அவள் எண்ணிப் பார்த்துக் கொண்டு, "சரி, எதையாவது எடுத்துக் காட்டு பார்ப்போம்" என்றாள்.

வெளியே மழை இருட்டு. ஏரிக்குப் போக முடியாது. பையன் தெருவில் எதிர்ச் சாரி வரைக்கும் போய் நின்று, லென்ஸை முழுவதும் நீட்டி, எங்கள் வீட்டு முகப்பின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு சிட்டுக் குருவியைப் பிடித்துக் கொண்டு வந்தான். அலகில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பு, கண்ணைச் சுற்றிய கோடு, நனைந்து சிலிர்த்த இறகு எல்லாம் தெரிந்தன. தங்கை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குருவியின் காலடியில் விரலை வைத்தாள்.

"அண்ணே, மூணு ஓடு உடைஞ்சிருக்கு. நான் ரெண்டுன்னு நினைச்சேன்."